தனித்தனியே நியாயமான வர்த்தமானிகள்

2007 மே 30 அன்று திருகோணமலை மாவட்டத்தின் மூதூர் கிழக்கும் சம்பூரும் உயர் பாதுகாப்பு வலயமாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டன. எட்டு நாள் கழித்து, ஜூன் 7 அன்று, கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த 376 தமிழர்களைப் பொலிசார் எழுப்பி பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். இரண்டையும் எதிர்த்து உயர் நீதிமன்றப் படியேறிய அமைப்பு ஒன்றுதான்: மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம். லொட்ஜ் விவகாரத்தில் மறுநாளே இடைக்காலத் தடை கிடைத்தது. சம்பூர் வலயத்துக்கு எதிரான மனுக்களுக்கு அந்த ஆண்டே, மேற்கொண்டு விசாரிப்பதற்கான அனுமதியே மறுக்கப்பட்டது.

ஏறக்குறைய ஒரே காலம், ஒரே நீதிமன்றம், ஒரே மனுதாரர். சட்டம் தெரிந்தவர்கள் இதற்குப் பல விளக்கம் சொல்வார்கள். எனக்குப் படுவது சின்ன விஷயம். கொழும்பில் பஸ் நின்றது. பையோடு ஏறியவர்கள் இருந்தார்கள், ஏற்றிய பொலிசார் இருந்தார்கள், புறப்பட்ட நேரம் இருந்தது. தடுக்கச் சொல்லி நீதிபதியிடம் போனால் எதைத் தடுப்பது என்று அவருக்குத் தெரியும். சம்பூரில் ஏற்றுவதற்கு ஆளே இல்லை. வர்த்தமானி அச்சாகி வந்தபோது ஊர் காலியாகி மாதக்கணக்காகிவிட்டது. அந்த வர்த்தமானி யாரையும் எங்கும் அனுப்பவில்லை. திரும்பி வர விடவில்லை, அவ்வளவுதான். ஒருவரைக் கையைப் பிடித்து வெளியே விடுவது எல்லோர் கண்ணிலும் படும். வெளியே நிற்பவரை உள்ளே விடாதிருப்பது ஒரு காரியம் என்றே யாருக்கும் தோன்றுவதில்லை.

ஊர் எப்படிக் காலியானது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2006 ஏப்ரல் 25 அன்று கொழும்பில் இராணுவத் தளபதி மீது தற்கொலைத் தாக்குதல். அதற்குப் பதிலடியாக மூதூர் கிழக்கில் விமானக் குண்டு விழுந்தது. ஜூலையில் மாவிலாற்று மடையைப் புலிகள் மூடினார்கள். அதோடு முழுப் போர். செப்டெம்பர் 4 இல் சம்பூர் இராணுவத்தின் கைக்கு வந்தது. சனம் தெற்கே தெற்கே என்று நகர்ந்தது. ஈச்சிலம்பற்று, இலங்கைத்துறை, வெருகல், பிறகு ஆற்றைத் தாண்டி வாகரை. அங்கும் இருக்க முடியாமல் மட்டக்களப்பு முகாம்கள். பின்னர் திருகோணமலை மாவட்டத்துக்கே திருப்பிக் கொண்டுவந்து கிளிவெட்டி, பட்டித்திடல், மணற்சேனை, கட்டைபறிச்சான் இடைத்தங்கல் முகாம்களில் இறக்கிவிட்டார்கள். கட்டைபறிச்சானிலிருந்து சம்பூருக்கு நடந்தே போய்விடலாம். அப்போது போகத்தான் முடியாதிருந்தது.

இலங்கைத்துறையை வெறும் வழித்தங்கலாகச் சொல்லிக் கடந்துவிட மனம் வரவில்லை. உல்லைக்கழி கடலோடு சேரும் முகத்துவாரம் அது. பக்கத்தில் பாறைக் குன்று. அங்கே முருக வழிபாடு இருந்தது என்பது ஊரவர் பேச்சு. குஞ்சுமப்பா பெரியசாமி என்றுதான் சொல்வார்கள். இன்றைக்குக் குன்றின் மேல் நிற்பது சமுத்திரகிரி விகாரை. புத்தரின் தந்ததாதுவை ஹேமமாலியும் தந்தகுமாரனும் கலிங்கத்திலிருந்து கொண்டுவந்து கரையிறங்கிய துறை இதுவே என்பது பௌத்த ஐதிகம். எது முந்தியது, எது பிந்தியது என்று தீர்ப்புச் சொல்லும் வேலை எனக்கில்லை. சனம் ஓடி, முகாமில் கிடந்து, திரும்பி வருவதற்குள் இந்தப் பக்கத்து ஊர்களில் பல விஷயங்கள் முடிந்துபோயிருந்தன. முடிந்துபோன விஷயத்துக்கு எதிராக என்ன மனுப் போடுவது?

பொது அதிகாரி ஒருவரின் தீர்மானம் நியாயமற்றது என்று நீதிமன்றத்தில் சொல்ல முடியுமா? முடியும். இலங்கையில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அரசியலமைப்பின் 140 ஆம் உறுப்புரையின்படி எழுத்தாணை வழங்கலாம். உயர் நீதிமன்றத்தில் 126 ஆம் உறுப்புரையின்படி அடிப்படை உரிமை மனுப் போடலாம். சட்டத்தின் முன் சமத்துவம் பேசும் 12(1) தான் அங்கே பெரும்பாலும் கைகொடுக்கும். ஆனால் நியாயமற்றது என்று நீங்களும் நானும் வீட்டுத் திண்ணையில் சொல்வதும் நீதிமன்றம் சொல்வதும் ஒன்றல்ல. இங்கிலாந்தில் பர்மிங்ஹாமுக்கு அருகே வெட்னஸ்பரி என்று ஒரு சிறு நகரம். அங்கிருந்த சினிமாத் தியேட்டருக்கு ஞாயிற்றுக்கிழமை படம் காட்ட நகரசபை அனுமதி கொடுத்தது, ஒரு நிபந்தனையோடு: பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளைத் தாய் தகப்பன் கூட வந்தாலும் உள்ளே விடக்கூடாது. தியேட்டர்க் கம்பெனி வழக்குப் போட்டது. 1947 நவம்பரில் கிரீன் பிரபு சொன்ன தீர்ப்பின் சாரம் இதுதான்: சபை சரியாகச் செய்ததா என்று பார்ப்பது எங்கள் வேலையல்ல, புத்தி சரியாக உள்ள எந்த அதிகாரசபையும் இப்படி முடிவெடுத்திருக்கவே முடியாது என்ற அளவுக்குப் போனால் மட்டுமே கைவைப்போம். தியேட்டர் தோற்றது.

அந்தத் தீர்ப்பில் ஓர் உதாரணம் வருகிறது. தலைமுடி சிவப்பு என்பதற்காக ஓர் ஆசிரியையை வேலையை விட்டு நிறுத்தினால் அது நியாயமின்மை. சட்டப் பீடங்களில் இதை மனப்பாடமாகவே சொல்வார்கள். இந்தச் சிவப்பு முடி எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால் 1926 இன் பூல் நகரசபை வழக்கில் போய் நிற்கும். அந்த வழக்கில் வேலை இழந்தவர் ஓர் ஆசிரியை. முடி காரணமல்ல. கல்யாணமானவர், அதனால் நிறுத்தினார்கள். மேன்முறையீட்டு நீதிபதிகள் சிவப்பு முடியை உதாரணமாகச் சொன்ன கையோடு, கல்யாணமான ஆசிரியைகளை நிறுத்தியதில் தவறில்லை என்று தீர்த்தார்கள். எதிரே நிற்பவருக்கு நடந்தது நியாயமாகத் தெரிந்தது. எங்கும் நடக்காத ஒன்றுதான் நியாயமின்மைக்கு உதாரணமாயிற்று. தங்கள் காலத்து வழக்கத்தோடு ஒட்டிய அநியாயம் நீதிபதிகளுக்குத் தெரிவதில்லை என்று சொன்னால் கடுமையாகிவிடும். ஆனாலும் அந்தத் தீர்ப்பைப் படித்து முடிக்கும்போது வேறு என்ன தோன்றும்?

இந்தச் சட்டத்துக்கு அடிக்கல்லான வழக்குகளை வரிசையாக எடுத்துப் பார்த்தால், போட்டவர்கள் பெரும்பாலும் தோற்றிருக்கிறார்கள். 1984 இல் பிரித்தானிய உளவுத் தலைமையகத்து ஊழியர்கள் தொழிற்சங்கத் தடையை எதிர்த்துப் போன வழக்கில்தான் டிப்லொக் பிரபு நியாயமின்மையைத் தனிக் காரணமாகப் பிரித்து நிறுத்தினார். ஊழியர்கள் தோற்றார்கள், தேசப் பாதுகாப்பு என்ற ஒரு சொல் போதுமாயிருந்தது. நம்மவர்களும் குறைந்தவர்களல்ல. யுத்தகாலத் துணிக் கட்டுப்பாட்டு விதிகளின் கீழ் நக்குட அலி என்ற இலங்கை வியாபாரியின் அனுமதியைத் துணிக் கட்டுப்பாட்டாளர் ரத்துச் செய்தார். வழக்கு இலண்டன் பிரிவிக் கவுன்சில் வரை போனது. நியாயமான காரணம் இருப்பதாக அதிகாரி நம்பினால் போதாது, காரணம் உண்மையிலேயே இருக்க வேண்டும் என்று 1950 இல் அங்கே சொன்னார்கள். அது பெரிய விஷயம். சில ஆண்டுகளுக்கு முன்பு யுத்தத்தின் நடுவில் பிரபுக்கள் சபை இதற்கு நேர் எதிராகச் சொல்லியிருந்தது. நக்குட அலிக்கு மட்டும் ஒன்றும் கிடைக்கவில்லை. கட்டுப்பாட்டாளர் நீதிபதி போலச் செயற்படவில்லை, ஆகவே அவருக்கு எதிராக எழுத்தாணை போகாது என்று முடித்துவிட்டார்கள். 1966 இல் யாழ்ப்பாண மாநகரசபையை அமைச்சர் கலைத்தார். மேயர் துரையப்பா அதே பிரிவிக் கவுன்சிலுக்குப் போனார். கலைக்குமுன் சபையிடம் விளக்கம் கேட்டிருக்க வேண்டும் என்று 1967 இல் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் கேட்கவில்லை என்று முறையிட வேண்டியது சபை, மேயர் தனியாளாக வந்து முறையிட முடியாது என்று அவரைத் திருப்பி அனுப்பினார்கள். கொமன்வெல்த் நாடுகளெங்கும் மாணவர்கள் இவர்கள் பெயரைச் சொல்லிச் சொல்லிப் படிக்கிறார்கள். கொள்கை மிஞ்சியது, ஆள் தோற்றார்.

எங்கள் கிழக்குக் கரையில் கண்ணகி அம்மன் கோயில்களில் வைகாசிச் சடங்கின்போது கண்ணகி வழக்குரை பாடுவார்கள். ஒரு தீர்மானத்தை எதிர்த்து வழக்குரைத்த கதை அது, திருவிழாப் பாட்டாக நிற்கிறது. வெட்னஸ்பரித் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் கதையைக் கேட்டால் ஒரு சங்கடம் வரும். பாண்டியன் செய்தது புத்தி கெட்ட காரியமா? அரசியின் சிலம்பு காணாமற் போயிருந்தது. அரண்மனைப் பொற்கொல்லன் வந்து கள்ளன் கண்ணகியின் கணவன்தான் என்கிறான். சொன்ன ஆளிடம் சொன்னபடியே சிலம்பு இருக்கிறது. தண்டிக்கும் அதிகாரம் அரசனுக்கு உண்டு. அவனிடத்தில் இன்னோர் அரசன் இருந்தாலும் அப்படியே செய்திருப்பான் என்று கிரீன் பிரபு சொல்லிவிட்டு மனுவைத் தள்ளியிருப்பார். கண்ணகி நியாயமின்மை பேசவில்லை. சிலம்பை உடைத்துப் பார் என்றாள். அரசியின் சிலம்பில் முத்து, அவளுடையதில் மாணிக்கம். வழக்கு அங்கே முடிந்தது. அதிகாரியின் மனநிலையை விட்டுவிட்டு, அவர் முடிவெடுத்த பொருளைக் கையிலெடுத்துத் திறந்து பார்ப்பதைத்தான் எழுத்தாணை நீதிமன்றங்கள் இன்றைக்கும் தயங்கித் தயங்கிச் செய்கின்றன. பாதுகாப்பு என்று சட்டமா அதிபர் எழுந்து சொல்லிவிட்டால் அந்தத் தயக்கமும் போய் மௌனம்.

சம்பூரின் பாதுகாப்புக் காரணம் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. திருகோணமலைப் பக்கம் நின்று பார்த்தால் கொட்டியாரக் குடாவுக்கு நேர் அக்கரை அது. அக்கரையில் பீரங்கி வைத்தால் துறைமுகமும் கடற்படைத் தளமும் எட்டும் தூரம். 2006 ஓகஸ்டில் அந்தப் பக்கமிருந்து எறிகணை வந்து விழுந்தது. அந்த நாளில் ஒரு தளபதி அந்தக் கரையைப் பூட்டி வைக்க நினைத்தது பைத்தியகாரத்தனமல்ல. 2007 மே வர்த்தமானியை மட்டும் தனியே எடுத்து, புத்தியுள்ள ஓர் அதிகாரி இதைச் செய்திருப்பாரா என்று கேட்டால், செய்திருப்பார் என்றே நானும் சொல்வேன்.

தனியே எடுத்தால் அப்படி. அந்த வர்த்தமானிக்கு ஐந்து மாதம் முன்பு, 2006 டிசம்பர் 29 அன்று, இந்தியாவின் என்டிபிசி நிறுவனத்தோடு இலங்கை அரசும் மின்சார சபையும் திருகோணமலைப் பகுதியில் 500 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் கட்ட உடன்பாடு கையொப்பமிட்டிருந்தன. பிறகு அதற்கான இடம் சம்பூர் என்றாயிற்று. 2008 இல் பாதுகாப்பு வலயத்தின் பரப்பைச் சுருக்கினார்கள். சில ஊர்கள் விடுபட்டன, சம்பூர் விடுபடவில்லை. 2009 மே மாதத்தோடு போர் முடிந்தது. 2011 ஓகஸ்டில் அவசரகாலச் சட்டம் காலாவதியானது. வலயத்தைத் தாங்கி நின்ற தூணே அதுதான். சனம் திரும்பிவிட்டதா என்றால் இல்லை. 2012 இல் இன்னொரு வர்த்தமானி: 818 ஏக்கர், பாரிய கைத்தொழில்களுக்கான விசேட வலயம், முதலீட்டுச் சபையின் கீழ், கேட்வே இண்டஸ்ட்ரீஸ் என்ற கம்பெனிக்கு. பக்கத்தில் விதுர என்ற பெயரில் கடற்படை முகாம், 237 ஏக்கர்.

துறைமுகத்தைக் காப்பது நியாயமான நோக்கம். மின்சாரம் வேண்டும் என்பதும் அப்படியே. முதலீடு வரட்டும் என்பதை யார் மறுப்பார்? கடற்படைக்கு முகாம் வேண்டாமா? ஒவ்வொன்றுக்கும் ஒரு கோப்பு, ஒவ்வொரு கோப்பிலும் படித்த அதிகாரி ஒருவரின் குறிப்பு. எந்த ஒன்றும் சிவப்பு முடிக்காக ஆசிரியையை நிறுத்தும் ரகமில்லை. ஆனால் பீரங்கிக்கு அஞ்சிப் பூட்டிய காணிக்குள், பீரங்கி இல்லாமற் போன பிறகு கம்பெனியைக் கூட்டிவரலாம், காணிக்காரரைக் கூப்பிட முடியாது என்றால், முதலில் சொன்ன காரணம் என்னவாயிற்று? ஒரு காரணம் தேய்ந்துபோகும்போது அடுத்தது தயாராக வந்து நின்றது. காரணங்கள் மாறின, கம்பி வேலி மாறவில்லை. நியாயமின்மை இந்த வரிசையில்தான் இருக்கிறது, எந்த ஒரு தாளிலும் இல்லை. சட்டமோ தாளைத் தாளாகத்தான் வாசிக்கும். இன்ன திகதியில் இன்னார் எடுத்த இன்ன தீர்மானம் என்று மனுவில் காட்ட வேண்டும். 126 ஆம் உறுப்புரை மனுவென்றால் உரிமை மீறப்பட்டு ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். கிளிவெட்டி முகாமில் தகரக் கொட்டிலில் இருந்த ஒருவர் வர்த்தமானி வந்ததை அறிந்து, கொழும்பில் வழக்கறிஞரைப் பிடித்து, சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி முடித்து, காணிப் பெர்மிட்டின் போட்டோப் பிரதியை இணைத்து அனுப்ப முப்பது நாள். பெர்மிட் சம்பூர் வீட்டுப் பெட்டகத்தில் இருந்தது. வீடு வலயத்துக்குள் இருந்தது.

காணிச் சட்டத்தைப் பற்றியும் இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அரசு ஒருவருடைய காணியை எடுப்பதற்கு இலங்கையில் 1950 முதல் காணி எடுத்தற் சட்டம் இருக்கிறது. 2 ஆம் பிரிவின் கீழ் அறிவித்தல் ஒட்ட வேண்டும். ஆட்சேபம் கேட்க வேண்டும். நட்டஈடு கொடுக்க வேண்டும். இந்தச் சட்டத்தில் நீதியரசர் மார்க் பெர்னாண்டோ எழுதிய தீர்ப்புகளுக்கு ஈடாக இந்தத் தீவில் வேறு அதிகமில்லை. மானெல் பெர்னாண்டோ வழக்கில், 2000 இல், பொதுத்தேவை என்று மொட்டையாகச் சொன்னால் போதாது, என்ன தேவை என்று அந்த அறிவித்தலிலேயே சொல்ல வேண்டும் என்றார். சொல்லாவிட்டால் காணிக்காரர் எதை ஆட்சேபிப்பார் என்பது அவருடைய வாதம். அதற்கு முன்பே, டி சில்வா எதிர் அத்துகோரள வழக்கில், எடுத்த காணி எடுத்த தேவைக்குப் பயன்படாமற் கிடந்தால் திருப்பிக் கொடுக்கும் அதிகாரம் அமைச்சரின் விருப்பு வெறுப்புக்கு விட்டதல்ல, மக்கள் சார்பில் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது என்று சொல்லியிருந்தார். கவனித்துப் பார்த்தால் இவை காலத்தையும் சேர்த்து வாசிக்கிற தீர்ப்புகள். எடுத்த நாளில் சரியாக இருந்ததா என்பதோடு நிற்காமல், இன்றைக்கும் அந்தத் தேவை இருக்கிறதா என்று கேட்கின்றன.

சம்பூராரால் இந்தத் தீர்ப்புகளைப் பிடித்துக்கொள்ள முடியவில்லை. ஏனென்றால் 2007 வர்த்தமானி அவர்களுடைய காணியை எடுக்கவே இல்லை. உறுதிக் காணி உறுதிக் காணியாகவே இருந்தது, பெர்மிட் பெர்மிட்டாகவே இருந்தது. உள்ளே போகத்தான் தடை. எடுத்திருந்தால் அறிவித்தல், ஆட்சேபம், நட்டஈடு, தேவை தீர்ந்தால் திருப்பிக் கேட்கும் உரிமை எல்லாம் வந்திருக்கும். எடுக்காமல் பூட்டியதால் ஒன்றும் வரவில்லை. முறைப்படி பறிகொடுத்தவனுக்கு உள்ள பாதுகாப்பு, பறிகொடுக்காமலே வாசலில் நின்றவனுக்கு இல்லை. வலிகாமம் வடக்கில் 2013 இல் ஆறாயிரம் ஏக்கருக்கு மேல் எடுப்பதாக அரசு அந்தச் சட்டத்தின்படி அறிவித்தல் ஒட்டியதும், இரண்டாயிரத்துக்கும் அதிகமான காணிக்காரர் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனார்கள். அவர்களுக்கும் விடிவு சுலபமாக வரவில்லை, அது வேறு கதை. ஆனால் பிடித்துக்கொண்டு போக அவர்களிடம் ஒரு தாள் இருந்தது.

சம்பூர்க் காணி கடைசியில் எப்படித் திரும்பியது? நீதிமன்றத் தீர்ப்பால் அல்ல, தேர்தலால். 2015 ஜனவரியில் ஆட்சி மாறியது. மே மாதத்தில் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 818 ஏக்கர் வர்த்தமானியை ரத்துச் செய்தார். உடனே கம்பெனி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. இடைக்காலத் தடையும் கிடைத்தது! சனம் எட்டு வருடமாகத் திறக்கச் சொல்லித் தட்டிய கதவு, ரத்துச் செய்யாதே என்று தட்டியவருக்குச் சட்டென்று திறந்தது என்று அப்போது முகாமில் பேசிக்கொண்டவர்கள் சட்ட நுணுக்கம் தெரியாதவர்கள்தான். அவர்கள் பேச்சில் தவறிருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. கம்பெனியிடம் ஒப்பந்தம் இருந்தது, இழப்புக்கு ஒரு தொகை இருந்தது, எதிர்க்க ஒரு திகதியிட்ட கட்டளை இருந்தது. நீதிமன்றத்துக்குப் புரிகிற பாஷையில் அதனுடைய துன்பம் எழுதப்பட்டிருந்தது. ஜூலையில் அந்தத் தடை நீங்கியது. ஓகஸ்டில் ஜனாதிபதியே வந்து காணிப் பத்திரங்களைக் கையளித்தார். 2016 இல் கடற்படையும் முகாமை விட்டு நகர்ந்தது. திரும்பியவர்களுக்கு வீடுகள் இருக்கவில்லை; இடித்துத் தரைமட்டமாக்கிய வெளிதான் இருந்தது. அந்த இழப்புக்கு எந்த வர்த்தமானியும் பொறுப்பேற்கவில்லை. வீட்டை இடி என்று எந்த வர்த்தமானியிலும் அச்சடிக்கவில்லையே.

நிலக்கரி நிலையம் மட்டும் மிச்சமிருந்தது. சுற்றாடல் அமைப்பொன்று அதை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் மனுப் போட்டிருந்தது. கடலில் விடும் சுடுநீர், சாம்பல், காற்று என்று அதில் உருப்படியான விஷயங்கள் இருந்தன. 2016 செப்டெம்பரில் சட்டமா அதிபர் தரப்பு எழுந்து, சம்பூரில் நிலக்கரி நிலையம் கட்டப்போவதில்லை என்று நீதிமன்றத்துக்கு அறிவித்தது. நல்ல செய்தி. அதோடு, வரவிருந்த தீர்ப்பும் வராமற் போயிற்று. 2007 இல் வாசலிலேயே திருப்பினார்கள். 2015 இல் கம்பெனியின் மனுதான் பேசப்பட்டது. 2016 இல் அரசே பின்வாங்கியது. சம்பூர் மூன்று தடவை நாட்டின் உச்ச நீதிபீடத்தின் முன் போயும், அந்தக் காணியை அத்தனை காலம் பூட்டி வைத்தது நியாயமா என்ற கேள்விக்கு ஆம் என்றோ இல்லை என்றோ காரணத்தோடு எழுதிய ஒரு பதில் நம் கையில் இல்லை.

திருகோணமலையிலேயே மேல் நீதிமன்றம் இருக்கிறதே, அங்கே போகலாமே என்று கேட்கலாம். சில விஷயங்களுக்குப் போகலாம். 2019 ஜூலையில் கன்னியா வெந்நீரூற்றுப் பிள்ளையார் கோயில் இருந்த இடத்தில் விகாரை கட்டுவதற்கு எதிராக அந்த நீதிமன்றம்தான் இடைக்காலத் தடை கொடுத்தது. கன்னியாவிலிருந்து கோர்ட்டுக்கு ஒரு ஓட்டோவில் போய்விடலாம் என்பது சாதாரண விஷயமல்ல. ஆனால் அரச காணியில் கைவைக்கும்போது கதை மாறும். சோலைமுத்து ராசு என்பவரின் வழக்கில், 2013 செப்டெம்பரில், அரச காணியிலிருந்து வெளியேற்றும் அறிவித்தலை விசாரிக்க மாகாண மேல் நீதிமன்றத்துக்கு அதிகாரமில்லை என்று உயர் நீதிமன்றம் தீர்த்துவிட்டது. இங்கே பெர்மிட் காணிதான் அதிகம். பெர்மிட் காணியின் மூலம் அரச காணி. இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போய், காலையில் நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் இறங்கி, வழக்கைத் திகதி போட்டுத் தள்ளிவிட்டார்கள் என்று கேட்டுவிட்டு அன்றிரவே திரும்பும் பயணங்கள் தொடரும்.

2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமைக்கென்று ஜனாதிபதி செயலணி ஒன்றை நியமித்தார்கள். தமிழரும் முஸ்லிம்களும் பெரும்பான்மையாக வாழும் மாகாணத்துக்கான செயலணி. தலைவர் பாதுகாப்புச் செயலாளர். நியமித்த அன்று அதில் ஒரு தமிழரும் இல்லை, ஒரு முஸ்லிமும் இல்லை. சிவப்பு முடி உதாரணத்துக்கு இவ்வளவு கிட்ட வந்த ஒரு தீர்மானத்தை நான் வேறு கண்டதில்லை. இதைத் தனித்தாளாக வாசித்தாலே போதும், வரிசை தேவையில்லை.

2025 ஏப்ரல் 5 அன்று சம்பூரில் 120 மெகாவாட் சூரிய மின்நிலையத்துக்கு இந்தியப் பிரதமரும் இலங்கை ஜனாதிபதியும் காணொளி வழியே அடிக்கல் நாட்டினார்கள். நிலக்கரியை விட வெயில் எவ்வளவோ மேல். ஆனால் எந்த ஏக்கர், யாருடைய மேய்ச்சல் தரை, யாருடைய வயல் என்று ஊரில் கேட்கிறவர்களை அபிவிருத்திக்கு எதிரானவர்கள் என்று ஒதுக்கிவிடக் கூடாது. கேட்கும் பழக்கம் அவர்களுக்கு வர்த்தமானிகளால் வந்தது. நாளைக்கு அவர்களில் ஒருவர் நீதிமன்றம் போவதானால், பழைய வர்த்தமானிகளை ஒவ்வொன்றாக எதிர்த்துப் பயனில்லை. எல்லாம் ரத்தானவை அல்லது காலம் கடந்தவை. அவருடைய வழக்கறிஞர் வெட்னஸ்பரியை மூடி வைத்துவிட்டு மார்க் பெர்னாண்டோவின் காணித் தீர்ப்புகளை எடுக்க வேண்டியிருக்கும். காணியை எடுக்கும்போது அரசுக்கு உள்ள பொறுப்பு, எடுக்காமல் பூட்டியபோதும் இருந்தது என்று வாதிட வேண்டும். 2006 முதல் 2016 வரையிலான தாள்களை எல்லாம் ஒரே சத்தியக்கடதாசியில் பி1, பி2 என்று இலக்கமிட்டு இணைத்து, இவை பல தீர்மானங்களல்ல, ஒரே தீர்மானம் பல திகதிகளில் எழுதப்பட்டது, இதை ஒன்றாக வாசியுங்கள் என்று கேட்க வேண்டும். அதை ஒப்புக்கொள்ளும் நீதிபதி பெரிதாக எதையும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. காணி எடுத்தற் சட்டத்தில் ஏற்கெனவே சொல்லியிருப்பதை இரண்டு அடி நகர்த்தி வைப்பதுதான் வேலை.